தேய்ப்புப் பெட்டியும் வாழையிலையும்

கொல்லயில் பஞ்சாயத்தில், தனுவச்சபுரத்துப் பக்கம் தேய்ப்புக் கடை நடத்துகிறவன் நான். என் கடைக்கு வருகிற பலர் துணி கொண்டு வருவதில்லை. தேய்ப்புப் பெட்டியையே ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அண்ணே, அடியில என்னமோ பிடிச்சிருக்கு. எதுல வச்சாலும் கறை படுது, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். அந்தக் கறையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும்போதே நான் கேட்பது, "கடைசியா என்ன துணி தேய்ச்சீங்க அக்கா?" என்பதுதான். கருகின கஞ்சிக்கு ஒரு வைத்தியம், உருகின நைலானுக்கு வேறு வைத்தியம். ஒன்றுக்குச் செய்கிறதை மற்றதற்குச் செய்தால் பெட்டியின் அடிதான் பாழாகும்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கஞ்சிதான் காரணம். அதற்கு நியாயமும் இருக்கிறது. நெய்யாற்றின்கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாலராமபுரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மகாராஜா பாலராம வர்மா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி தெற்கத்தித் தமிழ்ச் சீமையிலிருந்து சாலியர் நெசவாளர்களை வரவழைத்துக் குடியமர்த்திய ஊர். அந்தக் கைத்தறிக்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவார்கள், தேங்காயெண்ணெயும் சேர்ப்பார்கள். ஆக, தறியிலிருந்து இறங்குகிற வேட்டியிலேயே கஞ்சி இருக்கிறது. அதைத் துவைத்து, வீட்டிலும் ஒரு தரம் கஞ்சி முக்கி, ஓணத்துக்கு முந்தின நாள் அவசரமாகச் சூட்டைக் கூட்டி வைத்துத் தேய்க்கிறோம். துணியில் ஈரம் இருக்கிற வரை கஞ்சி அடங்கிக் கிடக்கும். ஈரம் போன பிறகும் சூடு ஏறினால் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். முதலில் தேன் நிறத்தில் மெல்லிய ஏடு. கவனிக்காமல் விட்டால் மூக்கு நுனியிலிருந்து பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். அடுத்துத் தேய்க்கிற நேரியது மேலாடையில், கசவுச் சரிகைக் கரைக்குப் பக்கத்திலேயே மஞ்சளாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்து வீட்டுக்காரம்மா முகம் வாடுகிறதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கடை மேசையில் எப்போதும் ஒரு வாழையிலைத் துண்டு கிடக்கும். என் அப்பா காலத்தில் சிரட்டைக் கரி போட்ட பித்தளைப் பெட்டி. சூட்டைக் குறைக்கிற திருகெல்லாம் அதில் கிடையாது. இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தெளித்து, அது 'சுர்' என்று ஓடுகிற விதத்தைப் பார்த்துத்தான் சூடு தெரிந்துகொள்வார்கள். நாலு துணி தேய்த்தால் ஒரு தரம் பெட்டியை இலையில் இழுப்பார் அப்பா. இன்று கரண்டுப் பெட்டியிலும் நான் அதைத்தான் செய்கிறேன்.

வீட்டில் வாழை நிற்கிறவர்கள் போய் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் வெள்ளையாகப் பொடி படர்ந்திருக்கும். விரலால் வழித்தால் விரலில் ஒட்டும். அது தூசி இல்லை, மெழுகு. மழைத்தண்ணீர் இலையில் நிற்காமல் உருண்டு ஓடுவது அதனால்தான். தண்ணீர் கொதிக்கிற சூடு வருவதற்கு முன்பே அந்த மெழுகு உருகிவிடும். சூடான பெட்டியை அதன்மேல் இழுக்கும்போது உருகின மெழுகு அடியில் மெல்லிசாகப் பூசிக்கொள்ளும். அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கிற கஞ்சி ஏடு இளகி இலையோடு போகும். பெட்டியும் துணியில் வழுக்கிக்கொண்டு ஓடும். பிரேசிலில் ஒரு வகைப் பனையின் ஓலையிலிருந்து கார்னாபா என்கிற மெழுகை எடுக்கிறார்கள். காருக்குப் பளபளப்பு ஏற்றப் பூசுகிற மெழுகில் அதுவும் உண்டு. நம் கொல்லையில் நிற்கிற வாழையும் அந்த வேலையைத்தான் செய்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

குருத்திலை வேண்டாம், கிழியும். கொஞ்சம் முற்றிய இலையாக எடுத்து, நடு நரம்பைச் சீவிவிட்டு, ஈரத்தைத் துடைத்து, அடிப்புறம் மேலே இருக்கும்படி மேசையில் விரியுங்கள். பெட்டியை அழுத்தாமல் முன்னும் பின்னும் இழுங்கள். இலை வதங்கி ஒரு வாசனை வரும், பொதிச்சோறு கட்டும்போது வருமே, அதே வாசனை. உடனே ஒரு பழைய பருத்தித் துணியில் பெட்டியை நன்றாக ஓட்டிவிட்டு, அப்புறம்தான் நல்ல துணிக்குப் போக வேண்டும். துடைக்காமல் வைத்தால் இலைச்சாறு வெள்ளைத் துணியில் கறையாகிவிடும். வாழைக்கறை எளிதில் போகாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே கறுத்துப்போன கஞ்சியை இலை மட்டும் எடுக்காது. பிளக்கைக் கழற்றிவிடுங்கள், பெட்டி ஆறட்டும். ஈரத்துண்டை நாலாக மடித்து அதன்மேல் பெட்டியை உட்கார வையுங்கள். கஞ்சி ஊறினால் விட்டுக்கொடுக்கும். மிச்சத்துக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடையுங்கள். வெறும் உலோக அடியானால், தாளில் தூளுப்பைத் தூவி அதன்மேல் சூடாக ஓட்டலாம். ஒட்டாத பூச்சு பூசின பெட்டிக்கு மட்டும் உப்பு, கம்பி நார், கத்தி மூன்றும் ஆகவே ஆகாது. அந்தப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அடுத்த கறை அங்கேதான் பிடிக்கும்.

நைலான், பாலியெஸ்டர் உருகி ஒட்டியிருந்தால் தண்ணீர் எதுவும் செய்யாது. ஒட்டினது இளகுகிற அளவுக்கு மட்டும் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, மரக்கரண்டியின் விளிம்பால் தள்ளிவிட வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதல்ல. ஒரு டீச்சரம்மா கொண்டு வந்த பெட்டியில், பிள்ளையின் புது யூனிஃபார்மில் இருந்த விலைச் சீட்டு அப்படியே, எண் தெரிய ஒட்டியிருந்தது! காய்ச்சல் மாத்திரையைச் சூடான அடியில் உரசுகிற வழக்கமும் இருக்கிறது. அது 170 டிகிரி வாக்கில் உருகும், கறையும் இளகும், உண்மைதான். ஆனால் அந்தப் புகை மூக்கிலும் கண்ணிலும் ஏறுகிறதே, அதற்காகவே நான் செய்வதில்லை.

பெட்டியின் திருகில் புள்ளிகள் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்கிறீர்களா? ஒரு புள்ளி ஏறக்குறைய 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. நைலானுக்கு ஒன்று, பாலியெஸ்டருக்கும் பட்டுக்கும் இரண்டு, பருத்திக்கு மூன்று. வீட்டுத் துணியையெல்லாம் சூடு குறைவானதிலிருந்து தொடங்கித் தேய்த்தால் பாதிக் கறை வராமலே போகும். இப்போது விலை குறைந்த கசவில் பிளாஸ்டிக் சரிகை வருகிறது. அதன்மேல் பெட்டியை நேராக வைக்காமல் ஒரு மெல்லிய துணியை விரித்துத் தேயுங்கள். நீராவிப் பெட்டியின் ஓட்டைகளில் வெள்ளைப் படிவு இருந்தால், ஆறின பிறகு வினிகர் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கட்டியில்லாமல் முக்குங்கள், துணி காய்ந்து மொடமொடப்பதற்குள் தேயுங்கள், பக்கத்தில் ஓர் இலைத் துண்டு இருக்கட்டும். இந்த ஓணத்துக்கு உங்கள் வீட்டில் எடுக்கிற வேட்டியும் நேரியதும் மஞ்சள் கோடு விழாமல் வெள்ளை வெளேரென்று வர வேண்டும்.