அந்த நாலு பேர் யார்?

(கோவளத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி நமது மேடைகளில் அதிகமாய்ப் பேசப்படாதது. கடவுளைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் கேட்கலாமென்று வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாய்க்கூட இருக்கலாம். ஆனாலும் இதைப் பேசியே தீரவேண்டிய கடமை நமக்கு ஏற்பட்டுவிட்டது. அதற்குக் காரணம் நாம் செய்த ஒரு குற்றமேயாகும்.

சென்ற ஆண்டு இதே ஊரில் பேசும்போது, நமது எதிரிகளைப் பார்த்து, "ஆண்பிள்ளையாயிருந்தால் விவாதத்திற்கு வரட்டும், இல்லாவிட்டால் புடவை கட்டிக்கொள்ளட்டும்" என்று சொன்னோம். நீங்கள் கைதட்டிச் சிரித்தீர்கள். நாமும் பெருமைப்பட்டுக்கொண்டோம். நாலு நாள் கழித்துக் கையெழுத்தில்லாத கடிதமொன்று வந்தது.

எழுதியவர் அன்று வெளிச்சத்திற்கு வராமல் படகுகளுக்குப் பின்னால் நின்று கேட்டவர். ஆண்பிள்ளையாய் வளர்க்கப்பட்டவர். தாம் பெண்தானோ என்ற எண்ணம் சில ஆண்டுகளாய் அவருக்கு இருந்து வருகின்றது. இன்னும் முடிவு செய்யவில்லை, ஆராய்ந்துகொண்டிருக்கிறார். கடையில் சாமான் கேட்கப்போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம், உள்ளங்கை வியர்க்கிறதாம், யாராவது பெயர் கேட்டால் வாய் குழறுகிறதாம். கலியாணம் கருமாதி எதற்கும் போவதில்லை. பஸ் நிற்குமிடத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்று இருட்டிய பிறகு கடலோரமாய் நடந்தே போய்வருகிறாராம். "மனிதனுக்கு மரியாதை கேட்கும் கூட்டமென்று நம்பி வந்தேன். எல்லோரும் சிரித்தவுடன் போய்விட்டேன். எனக்கு மட்டும் சுயமரியாதை கிடையாதா?" என்று முடித்திருந்தார்.

தோழர்களே! இக்கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. முதலில் இம்மேடையிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். பெண்ணுடையை இழிவென்று பேசியதால் தாய்மார்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்.

நிற்க, இவ்வச்சம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். நாலு பேர் முன்னால் வரமுடியாமல் நடுங்குவதைச் சமூகப் பதற்றம் என்று மனநல வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். 1980-லேயே அமெரிக்க வைத்தியர்களின் மனநோய்ப் பட்டியலில் அது தனி நோயாகச் சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் பிறந்தபோது சொல்லப்பட்ட பாலுக்கு மாறாகத் தம்மை உணர்வது நோயல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்று, 2022 முதல் அமலுக்கு வந்த நோய் வரிசையில் அது மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பெற்றோர் நடுக்கத்தை விட்டுவிட்டுப் பிள்ளையையே மாற்றப் பார்க்கிறார்கள். இந்தக் கோவளத்தில் தர்கா இருக்கிறது. மாதா கோயில் இருக்கிறது. அம்மன் கோயிலுக்கும் குறைவில்லை. பிள்ளை வெளியே வரப் பயப்படுகிறதென்றால் கயிறு கட்டுகிறோம், மந்திரிக்கிறோம், பேயோட்டுகிறோம். கட்டின கயிற்றால் எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வந்தது என்று கேட்கின்றோம்.

கயிற்றைப் பாம்பென்று மயங்குவது வேதாந்திகள் சொல்லும் உதாரணம். அதை நாம் உலகக் காரியத்திற்கு உபயோகித்துக்கொள்வோம். இத்தோழரின் அச்சத்தில் கயிறும் இருக்கிறது, பாம்பும் இருக்கிறது. தெருவில் போகும் எல்லோரும் தம்மையே பார்க்கிறார்கள், எல்லோரும் இகழ்கிறார்கள் என்று நினைப்பது கயிறு. ஒதுங்க ஒதுங்க அது பாம்பாகவே தோன்றும். ஆகையால் வைத்தியர்கள் கொஞ்சங்கொஞ்சமாக நெருங்கிப் பார்க்கச் சொல்லுகின்றார்கள். முதலில் நம்பிக்கையான ஒரு சினேகிதரிடம் மனம்விட்டுப் பேசுவது. பிறகு தெரிந்த டீக்கடையில் ஐந்து நிமிஷம் உட்காருவது. பிறகு துணையோடு கேளம்பாக்கம் வரை பஸ்ஸில் போவது. ஒவ்வொரு தடவையும் பயந்தபடி நடந்ததா என்று தாமே கணக்குப் பார்ப்பது. தேவையானால் வைத்தியர் மருந்தும் கொடுப்பார். செங்கற்பட்டு அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதி இருக்கிறது. நேரில் போகக் கூசுகிறவர்கள் சர்க்கார் 2022-ல் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசியில், 14416 என்ற எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

கயிறு இப்படித் தீரும். பாம்பு எப்படித் தீரும்? கேலி பேசுவது, கல்லெறிவது, வீட்டை விட்டுத் துரத்துவது, வேலை கொடுக்க மறுப்பது, இவையெல்லாம் அவருடைய மயக்கமல்லவே! இவை நிஜமாகவே கடிக்கும் பாம்புகள். எந்த வைத்தியர் மருந்து கொடுத்தும் இவை போகா. இவற்றை அடிக்கவேண்டியவர்கள் நாம்தான்.

சிலர், "அவர் ஆணா பெண்ணா என்று முதலில் முடிவு சொல்லட்டும், பிறகு மரியாதை கொடுக்கின்றோம்" என்கிறார்கள். பகுத்தறிவு பேசுகிறவர்கள் இப்படிச் சொல்லலாமா? வேதம் சொன்னாலும் முன்னோர் சொன்னாலும் சந்தேகி, ஆராய்ந்து பார் என்று ஊர்ஊராய்ப் பேசிவிட்டு, ஒருவர் தம்மைப் பற்றியே ஆராயும்போது மட்டும் இன்றைக்கே முடிவு சொல் என்றால் அது என்ன பகுத்தறிவு? ஆராய்ச்சிக்கு நாள் பிடிக்கும். முடிவு எதுவானாலும் அது அவருடையது. 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டாரும், தம் பால் இன்னதென்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டு என்றும், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக்கூடாது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள்.

பெயரை மாற்றிக்கொள்கிறார்களே என்று சிலர் பரிகாசம் செய்கிறார்கள். 1929 பிப்ரவரியில், இங்கிருந்து வெகுதூரமில்லாத செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னாலுள்ள ஜாதிப் பட்டத்தை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தார்கள். பிறப்பு ஒட்டிவைத்த வாலைத் தம் இஷ்டப்படி வெட்டியெறிந்தவர்களின் வழிவந்த நாம், வேறொருவர் பெயர் மாற்றிக்கொண்டால் சிரிக்க யோக்கியதை உண்டா?

இனி, "நம் நாட்டில் அவர்களைத் தெய்வத்தோடு சேர்த்தல்லவா வைத்திருக்கிறோம்" என்பார்கள். ஆம், கூவாகத்தில் சித்திரை மாதத்தில் ஒரு ராத்திரி தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்துக்கொண்டு அழுகிறார்கள். அங்கே கூடுவதில் அவர்களுக்கு ஒருவரையொருவர் கண்ட சந்தோஷம் இருக்கலாம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் கலியாணப் பெண்ணென்று வேடிக்கை பார்த்துவிட்டு, மற்ற நாளெல்லாம் குடியிருக்க வீடு கொடுக்காதவர்களின் பக்தி யாருக்குப் பிரயோஜனம்? அவர்களுக்கு வேண்டியது புராணமல்ல. ரேஷன் கார்டும் வேலையும் பஸ்ஸில் ஓர் இடமுமாகும். 2008-ல் நமது ராஜ்யத்தில் நலவாரியம் ஏற்பட்டதும் அதற்காகத்தான்.

நர்த்தகி நடராஜ் அவர்கள் 2019-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார்; பிரித்திகா யாஷினி அவர்கள் 2017-ல் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டரானார். சந்தோஷமே. ஆனால் பட்டம் வாங்கினவருக்குத்தான் மரியாதை என்றால் அதற்கு மரியாதை என்று பெயரல்ல. ஒன்றும் சாதிக்காதவரும் மீன்கடையில் நிம்மதியாய் நின்று மீன் வாங்கவேண்டும்.

இதெல்லாம் நமக்குத் தெரியாதே என்பீர்கள். தெரியாதது குற்றமல்ல. 2021-ல் இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை ஐகோர்ட்டு ஜட்ஜ் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இவ்விஷயத்தில் தமக்கே தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, மனநல நிபுணர் ஒருவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட பிறகே, இப்படிப்பட்டவர்களை வைத்தியத்தால் "மாற்ற" முயல்வதைத் தடுத்து உத்தரவு போட்டார். ஜட்ஜுக்கு வெட்கமில்லாதபோது நமக்கென்ன வெட்கம்?

ஆகவே, தோழர்களே! "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நம் ஜனங்கள் நடுங்குகிறார்களே, அந்த நாலு பேர் யார்? நாம்தான். அன்று சிரித்ததும் நாம்தான். இனி இம்மேடையில் அப்படிப்பட்ட வசை வராது. வந்தால் நீங்கள் எழுந்து நிறுத்தவேண்டும். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கொடுப்பதுபோல் கொடுக்கட்டும். பெற்றோர் பிள்ளையைத் துரத்தாதிருக்கட்டும். அவர் சொல்லும் பெயரால் அவரைக் கூப்பிடுவோம்.

கடிதம் எழுதிய தோழர் இன்றைக்கும் படகுகளுக்குப் பின்னால் நிற்கிறாரோ என்னவோ, நமக்குத் தெரியாது. நீங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம். முன்னால் ஓரிடம் காலியாக இருக்கிறது. வருவதும் வராததும் அவர் இஷ்டம். வந்தால் ஒருவரும் முறைத்துப் பார்க்காதிருப்பது நமது கடமை என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.