டுரியான் மரமும் வௌவாலும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



லயத்துக்குப் பின்னால் நிற்கும் டுரியானிலும் மாமரத்திலும் இரவானால் வௌவால் வந்து விழுகிறது. வலை கட்டிப் பிடிப்பதா, மரத்தையே வெட்டுவதா என்று சென்ற கூட்டத்தில் கேட்டீர்கள். கிராணிமார் சிலர் கூடி விசாரித்தோம். தெரிந்ததைச் சொல்லுகிறோம்.

டுரியான் பூ பிற்பகலில் விரியத் தொடங்கும். விடிவதற்குள் இதழ் உதிர்ந்துவிடும். நாம் பிரட்டுக்கு எழுந்து போகும்போது மரத்தடியில் கிடப்பது அதுதான். ஆகவே பகலில் வரும் பூச்சிகளுக்கு அங்கே அதிக வேலை இல்லை. குகைகளில் அடையும் சிறிய தேன் வௌவால்தான் இராத்திரி முழுதும் மரத்துக்கு மரம் பறந்து மகரந்தத்தைச் சேர்க்கிறது. பெத்தாய்க்கும் இதே கதைதான். பெரிய பழந்தின்னி வௌவால் பூவைக் கடித்து நாசம் செய்கிறது என்பது நம்மவர் குற்றச்சாட்டு. நமது மெர்சிங்கிலிருந்து படகேறிப் போகும் தியோமான் தீவில் டாக்டர் ஷீமா அப்துல் அஸீஸ் குழுவினர் டுரியான் மரத்தில் காமிரா கட்டிப் பார்த்தார்கள். அது தேனை நக்கிவிட்டுப் போகிறது, காய் பிடிக்கவும் உதவுகிறது என்று 2017-இல் வெளியிட்டார்கள். வலை கட்டினால் நஷ்டம் யாருக்கு என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆனால் மரத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. 1998-இல் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் கிளம்பி நெகிரி செம்பிலானுக்கும் பரவிற்று. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று முதலில் நினைத்தார்கள். புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கோ பிங் புதிய கிருமியைக் கண்டார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. 265 பேர் நோயில் விழுந்தனர்; 105 பேர் மாண்டனர். பெரும்பாலும் பண்ணையில் பன்றியோடு உழைத்தவர்கள். பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொன்று புதைத்தார்கள். கிருமி வந்தது பழந்தின்னி வௌவாலிடமிருந்து. கொட்டடியை ஒட்டி மாமரம் வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழம் உள்ளே விழ, பன்றி தின்றது என்பதே ஆராய்ந்தவர்கள் கண்ட விளக்கம்.

மரத்தின் மேலும் பழியில்லை, வௌவாலின் மேலும் பழியில்லை. மரத்தடியில் பட்டி கட்டியதுதான் வினை. ஆட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு எதுவும் பழமரத்தின் கீழ் வேண்டாம். கடிபட்ட பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் தாய்மார்கள் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த வௌவாலைக் கையால் தொடாதீர்கள். இன்னொன்று: குளுவாங், கோத்தா திங்கி பக்கம் யானை நடமாடும் தோட்டங்களில் லயத்தை ஒட்டி வாழையும் கரும்பும் வைப்பது விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். விடியற்காலை இருட்டில் நிரைக்குப் போகிறவன் அந்த விருந்தாளியைச் சந்திக்க வேண்டுமா? ஆற்றோரத்தில் நிற்கும் காட்டத்தியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுவோம். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இருவாட்சிப் பறவைக்கு அதுவே சோறு.

இனி முக்கியமான விஷயம். விதை போட்ட டுரியான் காய்க்க ஏழெட்டு வருஷமாவது ஆகும். மரம் நம்முடையது, மண் நம்முடையது அல்ல. 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடலில் நம் பெரியவர்கள் வைத்த பலாவும் மாவும் என்னவாயின என்று வயதானவர்களைக் கேளுங்கள். நாளை தோட்டம் கைமாறினால் புதிய முதலாளி முதலில் கொண்டுவருவது ரம்பம்தான். அப்புறம் யாருக்கு நட மனம் வரும்?

ஆகவே லயத்துக்குத் தள்ளி, எல்லையோரமாகப் பழமரம் வைக்க நிர்வாகம் எழுத்தில் இடம் ஒதுக்க வேண்டும். நட்டவர் பெயரும் மரக்கணக்கும் செக்ரோலைப் போல ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். நிலம் விற்றால் மரத்துக்கு ஈடு தர வேண்டும். இதைத் தீர்மானமாக இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம். புத்தகத்தைக் கிராணிமார் நாங்களே எழுதித் தருகிறோம், கூலி வேண்டாம். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.