கல் காட்டும் திசை



பாடசாலையிலே கீழ்வகுப்பு மாணவர்க்குக் காந்த ஊசியைக் காட்டும்போது, அஃது எங்கு வைத்தாலும் வடக்கையே நோக்கும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்து மலைகள் சிலவற்றின் கற்களுள்ளும் இயற்கை பதித்துவைத்த காந்தம் உண்டு. ஆனால் அது காட்டுவது வடக்கை அன்று. பல இடங்களில் ஏறக்குறையக் கிழக்கை. காந்தம் பிழைத்ததா, நிலம் திரும்பியதா? இவ்வினாவைப்பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். நான் விஞ்ஞானப் பட்டதாரி அல்லேன்; வரலாறு பயின்றவன். எனினும், கல்வெட்டைப் படித்துப் பழகியவனுக்கு இதுவும் ஒரு கல்வெட்டாகவே தோன்றுகின்றது.

அவ்வெழுத்துக் கல்லிற் பதிந்த விதத்தை முதலில் நோக்குவோம். வில்லியம் கில்பேட் என்னும் ஆங்கில வைத்தியர், 1600 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே, காய்ச்சிய இரும்பை வடக்குத் தெற்காக வைத்து அடித்து ஆறவிட்டால் அது காந்தமாகும் என்று காட்டினார். கொல்லன் பட்டறையில் நிகழ்வதை ஒத்த செயலொன்று எரிமலையிலும் நிகழ்கின்றது. பாறைக்குழம்பு வெளிவந்து குளிர்கையில், அதிலுள்ள காந்தக்கல்லின் நுண்மணிகள், சுமார் 580 பாகை செல்சியசுக்குக் கீழே வந்ததும், அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தம்முட் பதித்துக்கொள்கின்றன. பின்னர் அந்நிலம் திரும்பினால், அதனோடு அப்பதிவும் திரும்பும்.

இதனைப் படித்தறிதல் எளிதன்று. ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள கற்றுண்டைத் துளைத்தெடுக்குமுன், அது நின்ற நிலையைத் திசையறிகருவியால் அளந்து குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஆய்வுகூடத்திலே, புறக்காந்தம் அணுகாத இடத்தில், அதனைப் படிப்படியாகச் சூடாக்கிப் பிற்காலத்திற் படிந்த காந்தத்தை நீக்கவேண்டும். பாறைப் படை சரிந்திருப்பின் அச்சரிவைக் கணக்கிற் கழிக்கவேண்டும். பூமியின் காந்த முனை சிறிது சிறிதாக அலைவதால், ஒரு குழம்புப் படையின் சாட்சியம் போதாது. பல படைகளின் சராசரியே நம்பத்தக்கது.

இனி அந்நிலத்துக்குச் செல்வோம். சான் அந்திரேயாஸ் பிளவு கலிபோர்னியாவில் சுமார் 1,200 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் இருபக்க நிலமும் ஒன்றையொன்று உராய்ந்து எதிரெதிராக வழுகுகின்றன. ஒரு பக்கத்தில் நின்று நோக்குவார்க்கு மறுபக்கம் வலப்புறமாக நகரும். 1906 ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரை அழித்த பூமியதிர்ச்சியின்போது, நிலம் சில இடங்களில் 6 மீற்றர் வரை வழுகிற்று.

அம்மாநிலத்து மலைத்தொடர்களுட் பெரும்பாலானவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்ல, லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள குறுக்கு மலைத்தொடர் மட்டும் கிழக்கு மேற்காகக் கிடப்பது நெடுங்காலப் புதிராயிருந்தது. கமர்லிங், லூயண்டைக் என்னும் ஆய்வாளர் 1979 ஆம் ஆண்டில் அப்பகுதி எரிமலைப் பாறைகளின் காந்தத் திசையை அளந்து, நிலம் வலஞ்சுழியாகப் பெரிதும் திரும்பியிருத்தல் வேண்டும் என்றனர். 1.6 கோடி ஆண்டளவு பழமையான பாறைகள் பல இடங்களில் 70 முதல் 90 பாகைவரை திரும்பியுள்ளன. இளைய பாறைகளில் இத்திருப்பம் குறைவு. திருப்பம் ஒரே நாளில் நிகழவில்லை, படிப்படியாகவே நிகழ்ந்தது என்பதற்கு இதுவே சான்று. பிறிதொரு சாட்சியும் உண்டு. தெற்கே சான் டியேகோ அருகில் மட்டும் இயல்பாகக் காணப்படும் ஒருவகைக் கூழாங்கற்கள், இத்தொடரைச் சேர்ந்த வடதிசைத் தீவுகளிலும் கிடைக்கின்றன.

வீட்டிலேயே இதனைச் செய்து பார்க்கலாம். மேசைமீது இரண்டு புத்தகங்களை வைத்து, அவற்றிடையே வட்டமான பேணி மூடியொன்றை இடுக்குங்கள். அப்பாலுள்ள புத்தகத்தை வலப்புறமும், இப்பாலுள்ளதை இடப்புறமும் தள்ளினால் மூடி வலஞ்சுழியாகச் சுழலும். இரு பெருநிலங்களிடையே அகப்பட்ட சிறுநிலத்தின் கதியும் ஏறக்குறைய அதுவே.

இதனால் மனிதர்க்கு வரும் பயன் என்ன என்று வினவலாம்.  திரும்பும் நிலத்தின் ஓரங்களில் ஓரிடம் நெருக்குண்டு உயரும், ஓரிடம் விரிந்து தாழும். இந்நிலம் திரும்பிச் சென்றபோது விரிந்த பள்ளத்தில் பல கிலோமீற்றர் தடிப்புக்கு வண்டல் நிரம்பிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரம் அதன்மேலேதான் நிற்கின்றது. அவ்வண்டல் அதிர்வைப் பெருக்கவும் வல்லது.

1971 ஆம் ஆண்டு அந்நகருக்கு வடக்கே நேர்ந்த பூமியதிர்ச்சியில் மருத்துவமனைக் கட்டடங்களும் இடிந்து வீழ்ந்தன. அது சான் அந்திரேயாஸ் பிளவில் நேர்ந்ததன்று. மறு ஆண்டு, தரையிற் காணும் இயங்கு பிளவுகளின்மீது குடியிருப்புக் கட்டுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றப்பட்டது. நல்ல சட்டமே. ஆயினும் 1994 ஆம் ஆண்டு நோத்றிஜ் என்னுமிடத்தில் அதிர்வை உண்டாக்கிய பிளவு, தரைக்கு மேலே வராத மறைபிளவு. வரைபடத்தில் இல்லாத கோட்டைச் சட்டம் எங்ஙனம் விலக்கும்? ஏறக்குறைய அறுபது உயிர்கள் மாண்டன.

நேயர்களே, ஆபத்தை ஒரு கோட்டுக்குள் அடைத்துவிட்டு, அதற்கு அப்பால் அச்சமில்லை என்று இருந்துவிடுதல் மனித இயல்பு. கோடு மட்டுமன்று, கோடுகளுக்கு இடைப்பட்ட நிலமும் அசைகின்றது என்பதே அக்கற்கள் கூறும் செய்தி. அந்நிலத்தின் திருப்பம் இன்றும் ஓயவில்லை என்பதைச் செயற்கைக்கோள் அளவைகளும் உறுதிப்படுத்துகின்றன. ஆகவே பிளவிலிருந்து விலகிக் கட்டினால் மட்டும் போதாது. எங்கே கட்டினாலும் அதிர்வைத் தாங்குமாறு கட்டவேண்டும்.