துவைக்கிற இடத்துக்கு ரோஸ் நிறம்



வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது கூடத்துக்கும் படுக்கையறைக்கும் பார்த்துப் பார்த்து வண்ணம் தேர்ந்தெடுக்கிறோம். வாஷிங் மெஷின் இருக்கிற மூலைக்கு? மிச்சம் மீதி பெயிண்ட்தான்.

என் தங்கை அதை மாற்றினாள். சுவருக்கு வெளிர் ரோஸ். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கையெட்டும் உயரத்தில் சின்ன மர அலமாரி. வாசற்படியில் ஓர் இழைக்கோலம். "தினமும் நான் நிற்கிற இடம் அண்ணா, எனக்குப் பிடித்த மாதிரி இருக்கட்டுமே" என்றாள். நியாயம்தானே?

ரோஸ் என்றாலே பெண்களுக்கு என்கிறோம். ஆனால் 1918-இல் அமெரிக்காவில் குழந்தை ஆடை வணிக இதழ் ஒன்று, ரோஸ் பையன்களுக்கு, நீலம் பெண் குழந்தைகளுக்கு என்று எழுதியது. ரோஸ் அழுத்தமான நிறம் என்பது அது சொன்ன காரணம். அதனால் உங்கள் மனசுக்குப் பிடித்த நிறத்தையே பூசுங்கள்.

சிலவற்றை மட்டும் கவனியுங்கள். ஈரம் படுகிற சுவரில் டிஸ்டெம்பர் உரிந்துவிடும். கழுவக்கூடிய எமல்ஷன் நல்லது. திரை காற்றை மறித்தால் பூஞ்சை பிடிக்கும். துவைத்து முடித்ததும் மெஷின் கதவைச் சற்றே திறந்து வையுங்கள்.

இப்போது தங்கையின் கணவரும் அங்கே வந்து நின்று துணி உலர்த்துகிறார். குடும்பத்தின் அழுக்கைப் போக்குகிற இடம் அது. அதற்கும் கொஞ்சம் அழகு கொடுப்போமே!