ஆடிக்கூழும் ஒரு பாட்டும்

அவைத்தலைவர் அவர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, சுண்டல் எப்போது வரும் என்று பின்வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளே!

ஆடி பிறந்தால் நமக்குத் திருவேற்காட்டு அம்மன் கோயிலில் கூட்டம். தெருவுக்குத் தெரு கேழ்வரகுக் கூழ், கூடவே கருவாட்டுக் குழம்பு. யாழ்ப்பாணத்திலோ ஆடிக்கூழ் இனிப்பு. அரிசி மாவு, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. ஆடி முதல் நாளே அங்கே ஆடிப்பிறப்புத் திருநாள்.

அந்த நாளுக்கென்று ஒரு பாட்டு உண்டு. 1953இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் எழுதியது. வாத்தியார்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு அதில் நீதி சொல்லவில்லை, சமையல் சொன்னார்! பயறு வறுப்பதும், அரிசி இடிப்பதும், கூழில் மாவுருண்டை போடுவதும், பலா இலையை மடித்துக் கோலிக் குடிப்பதும் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். கேட்டால் எச்சில் ஊறும்.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அந்தப் பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள் டொராண்டோ, லண்டன், சிட்னி என்று சிதறினார்கள். பலா மரத்துக்கு அங்கே எங்கே போவது? ஆனாலும் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சுகிறார்கள், பேரப்பிள்ளைகளை நிறுத்திப் பாட வைக்கிறார்கள். அங்குள்ள இசைக்காரர்கள் கீபோர்டு சேர்க்கிறார்கள். ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் குழந்தையும் உண்டு. முகம் சுளிக்காதீர்கள். கீபோர்டு வந்ததால் பலா இலை போய்விடவில்லை. அந்த வரி அப்படியே இருக்கிறது.

நம் பக்கம் என்ன குறை? அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிக் குவித்தார். 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். ஆனால் அவர் பாட்டுகள் எல்.கே.ஜி. வாசலைத் தாண்டுவதில்லை. ஆண்டு விழா ஸ்பீக்கர் சினிமாப் பாட்டுக்கு மட்டும்தான். ஏனென்றால் நம் பிள்ளைப் பாட்டுக்கென்று ஒரு திருநாள் கிடையாது, பாடி முடித்தால் வாயில் போட ஒன்றும் கிடையாது. ஈழத்தவர் பாட்டை அடுப்போடு கட்டிவைத்தார்கள், அது கடல் தாண்டியும் பிழைத்தது.

புழல் காவாங்கரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே இந்தக் கூழைக் கண்ணை மூடிக்கொண்டு காய்ச்சும் அம்மாக்கள் இருக்கிறார்கள். வரும் ஆடி முதல் நாள் மாலை அவர்களை இதே மேடைக்கு அழைப்போம். உதவி செய்கிறோம் என்ற பேச்சே வேண்டாம். கற்றுக்கொடுக்க வருபவர்களுக்கு உரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்து அழைப்போம். அவர்கள் காய்ச்சட்டும், நம் பிள்ளைகள் பாடட்டும். அதே பந்தியில் வள்ளியப்பா பாட்டும் இடம்பெறட்டும். அரிசி மாவு என் பொறுப்பு. பனங்கட்டிக்கு, தலைவரே, உங்கள் பெயரை எழுதிவிட்டேன்.