மஞ்சளும் ஈயமும்
(திருநகரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேசப்போவது கடவுளைப் பற்றியல்ல; நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலுள்ள மஞ்சளைப் பற்றியேயாகும். மஞ்சள் மங்களகரமானதென்று சொல்லி, கணவனை இழந்த பெண் அதைப் பூசக்கூடாதென்று விலக்கி வைத்தவர்கள் இப்போது வேறு பிரசாரம் துவக்கியிருக்கிறார்கள். "ஈயம், காட்மியம் முதலிய உலோக விஷங்களிலிருந்து மஞ்சள் கல்லீரலைக் காப்பாற்றும், விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, நம் முன்னோர் அறியாததா?" என்கிறார்கள்.

விஞ்ஞானம் சொன்னதென்ன? ஆராய்ச்சிக்காரர்கள் கல்லீரல் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து அதில் காட்மியத்தை விடுகிறார்கள். அணுக்கள் சாகின்றன. மஞ்சளின் நிறச்சத்தாகிய குர்குமினையும் சேர்த்தால் சாவது குறைகிறது. எலிகளிடத்திலும் இம்மாதிரி கண்டிருக்கிறார்கள். இது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆனால் தட்டிலே நேராக ஊற்றுவது வேறு, குழம்பிலே போட்டுத் தின்பது வேறு. வாயால் உண்ட குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேருகிறது. அதையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றி விடுகின்றன. ஆகவே அந்தச் சோதனை மேலும் ஆராய்வதற்குக் காரணமாகுமேயொழிய, குழந்தைக்கு ஈய விஷம் ஏறினால் மஞ்சளைக் கரைத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதற்கு அத்தாட்சியாகாது.

இன்னொரு அக்கிரமத்தையும் கேளுங்கள். வங்கதேசத்துக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள், அது மஞ்சளில் இருந்ததை 2019இல் வெளியிட்டார்கள்! கிழங்கு பளபளவென்று தெரிவதற்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயத்தை அதற்கு ஏற்றி விற்றிருக்கிறார்கள். 2024இல் வெளியான ஆய்வில் நம் நாட்டுப் பாட்னாவிலும், பாகிஸ்தானின் கராச்சி, பெஷாவர் நகரங்களிலும் வாங்கிய மஞ்சளில் ஈயம் ஏராளமாக இருந்தது. ஈயமோ குழந்தையின் மூளையைக் கெடுப்பது; இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்ல அதற்கு அளவே கிடையாது. எதை விஷத்துக்கு மாற்று என்கிறார்களோ, அதிலேயே விஷம் ஏறி வந்தால் எந்த மங்களம் நம்மைக் காப்பாற்றும்?

வங்கதேசத்தார் விரதமிருந்தார்களா? வேண்டுதல் வைத்தார்களா? இல்லை. பத்திரிகைகளில் எச்சரித்தார்கள், அதிகாரிகள் சந்தையில் புகுந்து சோதித்து அபராதம் போட்டார்கள். 2019இல் சந்தை மஞ்சளில் 100க்கு 47 மாதிரிகளில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை!

தாய்மார்களே! பளபளப்பைக் கண்டு மயங்காதீர்கள். சந்தேகமிருந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. குழந்தையின் இரத்தத்தில் ஈயம் உண்டா என்று பரிசோதிக்க வழியிருக்கிறது. மிகுதியாயிருந்தால் அதைப் பற்றி வெளியேற்றும் மருந்தும் டாக்டர்களிடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விஷம் வீட்டுக்குள் வந்தபின் மாற்றுத் தேடுவதைவிட அதை வாசலிலேயே தடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நான் சொன்னேன் என்பதற்காக இதையும் நம்பிவிட வேண்டாம். விசாரியுங்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.