பள்ளிக்கூடத்தில் நமக்குரிய நாற்காலி

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. ஒளூ செய்யும் இடத்தில் ஒரு குழாய் ஒழுகுவதைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்தோம். ஒரு துளி நீரும் வீணாகக் கூடாது என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த ஒழுக்கம். ஆகவே அந்த விவாதம் தேவையானதே. ஆனால் நம்முடைய தமிழில் பள்ளிவாசலையும் பள்ளி என்கிறோம், பள்ளிக்கூடத்தையும் பள்ளி என்கிறோம். முதல் பள்ளியின் குழாயைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு பேசும் நாம், நம் பிள்ளைகள் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் இரண்டாவது பள்ளியின் குழாயில் நீர் வருகிறதா என்று என்றைக்கேனும் கேட்டிருக்கிறோமா? இன்றைய உரை அதைப் பற்றியதே.

ஒரு தாயின் கேள்வி

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்தார். தையல் வேலை செய்து குடும்பம் நடத்துபவர். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த தம் மகள் பள்ளிக்குப் போக மறுப்பதாகவும், பிள்ளைக்கு ஓதிப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஓதினோம், துஆச் செய்தோம். பிறகு காரணத்தை விசாரித்தபோது, பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, உள்ளே நீரும் வருவதில்லை என்றார். பிள்ளை பெரியவளாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

தலைமையாசிரியரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூறி நாம் அவரை அனுப்பிவைத்தோம். போகும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தை இன்றும் நம் நெஞ்சில் தைத்துக்கொண்டிருக்கிறது. “அங்கே மாதாமாதம் ஒரு நோட்டில் என்னிடம் கையெழுத்து வாங்குகிறார்கள் ஹஜ்ரத். நான் ஏதோ உறுப்பினராம். எதற்கு உறுப்பினர் என்று கேட்டால் அவர்கள் தவறாக நினைப்பார்களோ?”

எதற்கு உறுப்பினர் என்று அன்று நமக்கும் தெரியவில்லை. ஏழாண்டுகள் மதரஸாவில் ஓதி, வாரந்தோறும் மிம்பரில் ஏறிப் பேசும் நாம், அந்தத் தாய்க்குச் சட்டம் தந்திருந்த உரிமையை அறியாமல் இருந்தோம். அந்த வெட்கத்தில்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

சட்டம் தந்த இடம்

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியது என்பதைப் பலரும் அறிவோம். அச்சட்டத்தின் 21ஆம் பிரிவை அறிந்தவர்கள் குறைவு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது, அரசிடமிருந்து வரும் நிதி எவ்வாறு செலவிடப்படுகிறது என்று பார்ப்பது ஆகியவை அக்குழுவின் பணிகள்.

நம் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு இக்குழுக்கள் அரசுப் பள்ளிகள்தோறும் மாற்றியமைக்கப்பட்டன. குழு ஒன்றுக்கு 20 உறுப்பினர்கள். அவர்களில் 15 பேர் பெற்றோர். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு உரியது. உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. 2024இல் மீண்டும் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆயிற்று. குழுவின் காலம் இரண்டு ஆண்டுகள்.

நமது தாம்பரம், 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 70 வார்டுகள் கொண்ட மாநகராட்சியாக உயர்ந்தது. வார்டு உறுப்பினரிடம் சாலைக்காகவும் விளக்குக்காகவும் மனுக் கொடுக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவர் அமரும்போது, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நம் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் சரிசமமாக அமர்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நிதி பற்றி

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அது கணக்கிடப்படுகிறது. 101 முதல் 250 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய். 251 முதல் 1,000 வரை என்றால் 75,000. ஆயிரத்துக்கு மேற்பட்டால் ஒரு இலட்சம் என்பது திட்ட விதி. அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் உரிய பணம் எங்கே இருக்கிறது என்று இப்போது விளங்கும்.

இத்திட்டத்தின் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு. 40 விழுக்காடு மாநில அரசின் பங்கு. 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஒன்றிய அரசின் பங்கு, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், பி.எம். ஸ்ரீ பள்ளிகள் குறித்த கருத்து வேறுபாட்டால் நிறுத்திவைக்கப்பட்டதும், 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியதும் செய்தித்தாள்களில் வந்தவை. டெல்லியிலும் கோட்டையிலும் நடப்பது நம் கைக்கு எட்டாதது. ஆனால் பணம் தட்டுப்பாடாக இருக்கும் காலத்தில், வந்து சேரும் சிறு தொகை வர்ணம் பூசப் போகிறதா, கழிப்பறைக்குப் போகிறதா என்பது நம் தெருவிலுள்ள பள்ளியின் ஓர் அறையில் முடிவாகிறது. அந்த அறையில் நாம் இருக்கிறோமா என்பதே கேள்வி.

உடுப்பி தரும் படிப்பினை

நிதி மட்டுமன்று, பிள்ளைகளின் அன்றாட வாழ்வும் இத்தகைய குழுக்களின் முடிவில் தங்கியிருக்கிறது. கர்நாடகத்தின் உடுப்பியில், அரசு மகளிர் பல்கலை முன்வகுப்புக் கல்லூரி ஒன்றில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் தலைமறைப்பு அணிந்த மாணவியர் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. 2022 பிப்ரவரி 5ஆம் நாள் வெளியான அம்மாநில அரசாணை, அத்தகைய கல்லூரிகளில் சீருடையைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கல்லூரி மேம்பாட்டுக் குழுவிடம் விட்டது. மார்ச் 15இல் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை உறுதி செய்தது. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். அவர்களுள் ஒருவர், அந்தப் பெண்பிள்ளைகளின் கல்வி தொடர்வதே முதன்மையானது என்று கருதினார்.

இவ்விஷயத்தில் நம் உணர்வு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உணர்ச்சியோடு நின்றுவிடாமல் ஒரு பாடத்தையும் கற்க வேண்டும். நாடே பேசிய ஒரு வழக்கின் வேர் ஓர் உள்ளூர்க் குழுவின் அறையில் இருந்தது. தேர்வு நேரம் வந்த பிறகு நீதிமன்றப் படிகளில் ஏறுவதைவிட, முடிவெடுக்கும் நாளில் பெற்றோர் அமர்ந்து, பிற சமயத்துப் பெற்றோருடன் முகம் பார்த்துப் பேசுவது எளிது. அறிமுகமானவர்களுக்கிடையே தீராத பிணக்கு அரிது.

ஆலோசனை என்னும் சுன்னத்

கலந்தாலோசித்தல் என்னும் பொருளுடைய ‘ஷூரா’ என்ற பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பின், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியும், துயரத்தில் ஆழ்ந்திருந்த ஸஹாபாக்கள் எழவில்லை. யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் அதைச் செய்யுங்கள் என்று ஆலோசனை கூறியவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். நபியவர்கள் அவ்வாறே செய்தார்கள், அனைவரும் பின்பற்றினார்கள். ஒரு பெண்ணின் யோசனை ஒரு சமுதாயத்தின் இக்கட்டைத் தீர்த்த வரலாற்றை மிம்பரில் சொல்லும் நாம், நம் வீட்டுப் பெண்களைப் பள்ளிக் கூட்டத்துக்கு அனுப்பத் தயங்குவது முறையா?

சகோதரர்களே! நம்மிடமும் குறை இருக்கிறது. நம் சமுதாய அறக்கட்டளைகள் நடத்தும் பள்ளிகளில் பெற்றோரைக் கேட்டா முடிவெடுக்கிறோம்? சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை கூறும் அளவில் மட்டும் செயல்படும் என்று 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் விலக்கு அளித்தால் ஷூராவும் விலகிவிடுமா? பிறரிடம் கேட்கும் உரிமையை நாமும் பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களை மாதந்தோறும் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் நடத்துமாறு 2022இல் அறிவுறுத்தப்பட்டது. ஜுமுஆவுக்கு வந்த தந்தைமார் அப்படியே பள்ளிக்கூடம் சென்றுவிடலாம். நம் மஹல்லாப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளின் கூட்ட நாளை அந்தந்தப் பள்ளியில் கேட்டறிந்து, நிக்காஹ் அறிவிப்பைப் போல ஜுமுஆவில் அறிவிக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.

இரண்டாவது: உறுப்பினராக உள்ள தாய்மார்களுக்குத் தீர்மானப் புத்தகத்தை வாசித்துப் பொருள் சொல்ல, பட்டம் பெற்ற நம் பெண்மக்கள் முன்வர வேண்டும். படித்துப் பாராமல் கையெழுத்திடுவது அமானிதத்துக்கு மாறு.

மூன்றாவது: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு நடக்கும் நாள்களில், நமது மக்தப் அவர்களுக்கு ஃபஜ்ருக்குப் பின் நடைபெறும். பிள்ளையை இரு பக்கமும் இழுக்கும் கயிற்றில் ஒரு முனை நம் கையில் இருந்தது. அதை நாமே தளர்த்துகிறோம்.

நான்காவது: உதவ விரும்பும் செல்வந்தர்கள், முதலில் குழுவின் மூலம் அரசிடம் கேட்ட பிறகே தம் பையைத் திறக்கட்டும். ஸகாத்துக்குரிய எட்டுப் பிரிவினர் இன்னார் என்று மார்க்கம் வகுத்திருக்கிறது. கட்டடப் பணிகளுக்கு ஸதகா நிதியே பொருத்தம்.

ஐந்தாவது: அங்கே போய் நம் பிள்ளைகளுக்காக மட்டும் பேசாதீர்கள். சத்துணவின் தரமும் குடிநீரும் ஆசிரியர் பற்றாக்குறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. பிறர் பிள்ளைக்காகவும் பேசும் வாய்க்குத்தான் சபையில் மதிப்பு.

நிறைவாக

அந்தத் தாய் பின்னர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். மற்ற தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். தீர்மானம் எழுதப்பட்டது. அடுத்த மாதமே தாழ்ப்பாள் வந்தது, நீரும் வந்தது. ஆனால் அதற்குள் அவருடைய மகள் வெளியூரிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, படிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை பள்ளிக்குத் திரும்பவில்லை.

அந்தத் தாய் முதன்முதலாக நம்மிடம் வந்த நாளிலேயே நமக்கு விவரம் தெரிந்திருந்தால், அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றிருக்காது. இதைப் பற்றி நாளை அல்லாஹ்விடம் கேள்வி உண்டு என்று அஞ்சுகிறோம். ஒரு தாழ்ப்பாளுக்காக இன்னொரு பிள்ளையின் படிப்பு நம் மஹல்லாவில் நிற்கக் கூடாது. அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.